ஐந்தாவது டவுன்: சில தோல்விகள் ஏன் ஆறுவதில்லை?

1990 அக்டோபர் 6. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கொலம்பியா நகரின் ஃபாரட் ஃபீல்டு அரங்கம். மிசூரி பல்கலைக்கழக அணியும் கொலராடோ பல்கலைக்கழக அணியும் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிய அரை நிமிடமே இருந்தது. 31–27 என்று மிசூரி முன்னிலை. ஆனால் பந்து கொலராடோவிடம் இருந்தது. எல்லைக்கோட்டுக்கு இன்னும் மூன்றே யார்டு.

இந்த ஆட்டத்தில் பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். நான்கு டவுன்களுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், அல்லது எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நடப்பது எத்தனையாவது டவுன் என்பதைக் காட்ட, ஆடுகளத்தின் ஓரத்தில் ஒருவர் எண் பலகையோடு நிற்பார்.

முதல் டவுனில் கொலராடோவின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் சார்லஸ் ஜான்சன், ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தைத் தரையில் அடித்தார். விதி அதை அனுமதிக்கிறது; ஆனால் ஒரு டவுன் கழிந்துவிடும். இரண்டாவதில் எரிக் பியெனிமி பந்தோடு ஓடிக் கோட்டருகே மடக்கப்பட்டார். கொலராடோ இடைவேளை கேட்டது. அந்த இடைவேளையில் பலகையின் எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். மூன்றாவது டவுனிலும் பியெனிமி மடக்கப்பட்டார். நான்காவதில், பலகையை நம்பி அது மூன்றாவது என்று எண்ணிய ஜான்சன், இரண்டு நொடி மிச்சமிருக்கையில் மறுபடியும் பந்தைத் தரையில் அடித்தார். விதிப்படி கொலராடோவின் வாய்ப்பு அங்கே முடிந்தது. நடுவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பலகை ‘நான்கு’ என்று காட்ட, உண்மையில் ஐந்தாவதான அந்த டவுனில் ஜான்சன் பந்தோடு எல்லைக்கோட்டில் பாய்ந்து விழுந்தார். டச்டவுன். 33–31.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள்; முடிவு மாறவில்லை. பின்னர் அந்த நடுவர் குழு இடைநீக்கம் செய்யப்பட்டது. அப்போதும் முடிவு மாறவில்லை. அந்தப் பருவத்தின் இறுதியில் அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் கொலராடோ தேசியச் சாம்பியன் ஆனது. மிசூரி ரசிகர்கள் இன்றுவரை அந்த ஆட்டத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய அணி எத்தனையோ முறை இதைவிட மோசமாகத் தோற்றிருக்கிறது. அவை மறந்துபோயின. இது மட்டும் ஏன் தங்கிவிட்டது?

சாதாரணத் தோல்வி ஆறிவிடுகிறது

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து மாணவர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். படித்து முடித்து நாற்பது வருடமானவரும் சனிக்கிழமை தோறும் தன் கல்லூரியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொள்கிறார். அணியின் வெற்றி தோல்வி அவருடைய சொந்தக் கணக்கில் ஏறுகிறது.

இதை உளவியலாளர் ராபர்ட் சால்டினியும் அவருடைய குழுவினரும் 1976-இல் அளந்து காட்டினார்கள். கால்பந்துக்குப் பெயர்போன சில பல்கலைக்கழகங்களில், ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மாணவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். அணி வென்ற வாரங்களில் கல்லூரியின் பெயரும் சின்னமும் பொறித்த உடைகள் கூடின. தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வெற்றியை ‘நாம்’ என்று சொந்தமாக்கிப் பேசியவர்கள் தோல்வியைப் பேசுகையில் ‘அவர்கள்’ என்று தள்ளி வைத்தார்கள்.

மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது. இந்த வழியின் வலிமை ரசிகர்களுக்கே தெரிவதில்லை. உளவியலாளர்கள் திமோத்தி வில்சனும் டேனியல் கில்பர்ட்டும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள் ஓர் ஆட்டத்தின் முடிவு தங்கள் மனநிலையை எத்தனை நாள் பாதிக்கும் என்று மிகையாகவே கணித்தார்கள். வரப்போகும் நாட்களில் படிப்பு, நண்பர்கள் என்று வேறு என்னென்ன இருக்கும் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கச் சொன்னபோது கணிப்பு நிதானமானது. வாழ்க்கை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சாதாரணத் தோல்வி சில நாட்களில் கரைந்துவிடுகிறது.

வில்சனும் கில்பர்ட்டும் பிறகு இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நடந்ததை விளங்கிக்கொள்ள முடிந்தால்தான் மனம் அதற்குப் பழகும். ‘அவர்கள் பலமான அணி, நாம் சரியாக ஆடவில்லை’ என்று சொல்லிவிட முடிந்தால் கணக்கு முடிந்தது. கவனம் வேறிடம் போகிறது. விளங்காத நிகழ்வுக்குத்தான் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. ஐந்தாவது டவுனில் தோற்ற ரசிகரிடம் அந்த விளக்கம் இல்லை. அவருடைய அணி தோற்றதற்கான காரணம் ஆட்டத்துக்கு உள்ளேயே இல்லை.

கடைசி நொடியின் கனம்

உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1982-இல் ஒரு சிறு கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். இரண்டு பயணிகள் போக்குவரத்து நெரிசலில் சிக்கி, விமான நேரம் கடந்து அரை மணி கழித்து நிலையத்தை அடைகிறார்கள். ஒருவருடைய விமானம் குறித்த நேரத்தில் போய்விட்டது. மற்றவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடத்துக்கு முன்தான் கிளம்பியது. யாருக்கு மன உளைச்சல் அதிகம்? 96 சதவீதம் பேர் இரண்டாமவரைச் சொன்னார்கள். இருவரின் இழப்பும் ஒன்றுதான். ஆனால் ஐந்து நிமிடத்தை மனதால் அழித்துப் பார்ப்பது எளிது. அரை மணி நேரத்தை அழிப்பது கடினம். ‘அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்’ என்ற கற்பனை எவ்வளவு எளிதாக எழுகிறதோ, வலியும் அவ்வளவு கூடுகிறது.

எந்த நிகழ்வை மனம் அழித்துப் பார்க்கிறது என்பதிலும் ஒரு சாய்வு உண்டு. டேல் மில்லரும் சகா ஒருவரும் 1990-இல் வெளியிட்ட சோதனை இது. இருவர் ஆளுக்கொரு நாணயம் சுண்ட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் இருவருக்கும் ஆயிரம் டாலர். முதலாமவருக்குத் தலை விழுந்தது, அடுத்தவருக்குப் பூ. பரிசு போயிற்று. இருவருக்கும் பொறுப்பு சமம்தான். இருந்தும், ‘இரண்டாவது ஆளுக்குத் தலை விழுந்திருக்கக் கூடாதா’ என்றுதான் மக்களுக்குத் தோன்றியது. குற்ற உணர்வும் அவருக்கே அதிகமிருக்கும் என்றார்கள். முன்னால் நடந்ததை மனம் மாறாத பின்னணியாக எடுத்துக்கொள்கிறது. கடைசியில் நடந்ததையே மாற்றிப் பார்க்கிறது.

2009 டிசம்பர் 5-இல் நெப்ராஸ்காவும் டெக்சாஸும் மோதிய, பிக் 12 என்ற கல்லூரி லீக்கின் இறுதி ஆட்டம் இதற்குச் சரியான சான்று. நெப்ராஸ்கா 12–10 என்று முன்னிலை. டெக்சாஸின் கோல்ட் மெக்காய் எறிந்த பந்து களத்துக்கு வெளியே போய் விழுந்தபோது கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டியது. நெப்ராஸ்கா வீரர்கள் வென்றுவிட்ட களிப்பில் களத்துக்குள் ஓடினார்கள். நடுவர்கள் காணொளியைப் பார்த்து, பந்து வெளியே பட்டபோது ஒரு நொடி மிச்சமிருந்தது என்று அறிவித்தார்கள். அந்த ஒரு நொடியில் ஹன்டர் லாரன்ஸ் 46 யார்டு தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. டெக்சாஸ் 13–12 என வென்றது.

அந்த ஆட்டத்தில் நெப்ராஸ்கா ஒரு டச்டவுன் கூட அடிக்கவில்லை. அதன் 12 புள்ளிகளும் உதைகளில் வந்தவை. கடைசிக் கட்டத்தில் அது உதைத்த தொடக்கப் பந்து களத்துக்கு வெளியே போய், டெக்சாஸுக்கு நல்ல இடத்தைக் கொடுத்தது. அடுத்து ஒரு தடுப்பு விதிமீறலால் இன்னும் 15 யார்டு போயிற்று. இவற்றில் எது மாறியிருந்தாலும் நெப்ராஸ்கா வென்றிருக்கலாம். ஆனால் ரசிகர்களின் பேச்சு அந்த ஒரு நொடியைச் சுற்றியே நிற்கிறது. கைக்கு வந்துவிட்ட வெற்றி பறிபோனதும் வலியைக் கூட்டுகிறது. கிடைக்காமல் போவதைவிடக் கையிலிருந்து போவது கனமானது என்பது கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே முன்வைத்த கோட்பாடு.

கடைசி நொடியைக் கற்பனையில் மாற்றுவது இரண்டு தரப்புக்கும் பொது. ‘ஐந்தாவது டவுன் இல்லையென்றால் நாங்கள் வென்றோம்’ என்கிறது மிசூரி. ‘பலகை சரியாக இருந்திருந்தால் நான்காவது டவுனில் ஜான்சன் பந்தைத் தரையில் அடித்திருக்கவே மாட்டார்’ என்கிறது கொலராடோ. இரண்டுமே பொருளுள்ள வாதங்கள். இரண்டையும் சோதித்துப் பார்க்க வழியில்லை. அதனாலேயே வாதம் ஓய்வதில்லை.

ஒரே படம், இரண்டு ஆட்டம்

காணொளியைப் போட்டுப் பார்த்தால் சர்ச்சை தீர்ந்துவிடாதா? இந்தக் கேள்விக்கான புகழ்பெற்ற ஆய்வும் கல்லூரிக் கால்பந்திலிருந்தே வந்தது.

1951 நவம்பரில் பிரின்ஸ்டனும் டார்ட்மவுத்தும் ஆடிய ஆட்டம் முரட்டுத்தனமாகப் போயிற்று. பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரர் டிக் காஸ்மையர் மூக்கு உடைந்து வெளியேறினார். டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. வென்றது பிரின்ஸ்டன். இரண்டு கல்லூரிகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. டார்ட்மவுத்திலிருந்த ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃபும் பிரின்ஸ்டனிலிருந்த ஹாட்லி கான்ட்ரிலும் இரு கல்லூரி மாணவர்களுக்கும் ஒரே படச்சுருளைப் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தவை சராசரியாக 9.8. டார்ட்மவுத் மாணவர்களின் கண்ணில் பட்டவை 4.3.

1954-இல் வெளியான அந்தக் கட்டுரையில் ஒரு தந்தியும் இடம்பெற்றிருக்கிறது. டார்ட்மவுத்தின் பழைய மாணவர் ஒருவர் படத்தைப் பார்த்தார். தன் அணி செய்ததாக அவ்வளவு பேசப்பட்ட தவறுகள் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. முக்கியமான பகுதி வெட்டப்பட்டுவிட்டது என்று எண்ணி, அதை அனுப்பி வைக்கும்படி தந்தி கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த ஆட்டத்தில் அந்தத் தவறுகள் உண்மையாகவே இல்லை. ஒரே ஆட்டத்தை இரு தரப்பும் வேறுவேறாக விளங்கிக்கொண்டது என்று சொன்னால் போதாது. இரு தரப்பும் பார்த்ததே வேறு ஆட்டம் என்று அந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

இன்றைய மெதுவோட்டக் காட்சி இதைச் சரிசெய்துவிடும் என்று நினைத்தால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யூஜின் கரூசோ குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே செயலை மெதுவோட்டத்தில் பார்த்தவர்கள், அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று கருதுவது கூடியது. சோதிக்கப்பட்ட காட்சிகளில் கால்பந்து வீரர் ஒருவர் மோதும் காட்சியும் இருந்தது. கணப்பொழுதில் நடந்தது நீட்டிக் காட்டப்படும்போது, செய்தவருக்கு யோசிக்க நேரம் இருந்ததாக நமக்குத் தோன்றிவிடுகிறது. எந்த இடத்தில் பந்து பட்டது என்பதற்கு மெதுவோட்டம் நல்ல சாட்சி. உள்நோக்கத்துக்கு அது நல்ல சாட்சி அல்ல.

திரும்பச் சொல்லும் கூட்டம்

நினைவு தானாக நிலைப்பதில்லை. திரும்பச் சொல்லச் சொல்ல நிலைக்கிறது. நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிகளின் ரசிகர்களிடம் 2003, 2004 ஆண்டுகளின் இரண்டு தீர்மான ஆட்டங்களைப் பற்றிப் பின்னாளில் கேட்டார்கள் கேரலின் பிரெஸ்லினும் மார்ட்டின் சேஃபரும். தங்கள் அணி வென்ற ஆட்டமே ரசிகர்களுக்குத் துல்லியமாக நினைவிருந்தது. வென்ற ஆட்டத்தை அவர்கள் அடிக்கடி பேசிப் பார்த்திருந்தார்கள் என்பதே காரணம்.

சர்ச்சைக்குரிய தோல்வி இந்த ஒழுங்கை மாற்றிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சாதாரணத் தோல்வியைப் பேசாமல் கடந்துவிடும் ரசிகர், இதை வெற்றியைப் போலவே திரும்பத் திரும்பச் சொல்கிறார். ‘அவர்கள் தோற்றார்கள்’ என்று ஒதுங்கத் தேவையில்லை. ‘நம்மிடமிருந்து பறித்தார்கள்’ என்று நிமிர்ந்து சொல்லலாம். தோல்விக்குள் ஒரு வெற்றி பத்திரமாக இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு இதைச் சடங்காகவே வைத்திருக்கிறது. 1982 நவம்பர் 20-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துடன் ஆடிய ஆட்டத்தில், நான்கு நொடி மிச்சமிருக்க ஸ்டான்ஃபோர்டு 20–19 என்று முன்னிலை. கலிஃபோர்னியா வீரர்கள் பந்தை ஐந்து முறை கைமாற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆட்டம் முடிந்தது என்று எண்ணிக் களத்துக்குள் வந்துவிட்ட ஸ்டான்ஃபோர்டு இசைக்குழுவையும் ஊடுருவி எல்லையைத் தொட்டார்கள். 25–20. இடையில் ஒருவரின் முழங்கால் தரையில் பட்டது, கடைசிக் கைமாற்றம் முன்னோக்கிப் போனது என்று இன்றும் வாதம் நடக்கிறது. வெல்லும் அணியிடம் போகும் கோடரிக் கோப்பையில் எல்லா ஆண்டுகளின் முடிவுகளும் பொறிக்கப்பட்டிருக்கும். கோப்பை ஸ்டான்ஃபோர்டிடம் வரும்போதெல்லாம் 1982-இன் முடிவு ‘ஸ்டான்ஃபோர்டு 20–19’ என்று மாற்றப்படும். கலிஃபோர்னியாவிடம் திரும்பியதும் மறுபடி 25–20 ஆகும்.

இதன் தீங்குகளையும் மறைக்கக் கூடாது. தொழில்முறைக் கால்பந்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் கார்டன் டாலும், வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட உள்ளூர் அணி தோற்ற நாட்களில், வீட்டுக்குள் பெண்கள்மீது ஆண்கள் நடத்தும் வன்முறை குறித்த காவல்துறைப் பதிவுகள் 10 சதவீதம் கூடுவதை 2011-இல் காட்டினார்கள். ஆய்வாளர்கள் ஷாந்தோனும் கோர்னிலும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அணி தோற்ற மறுநாள் அதன் ஊரில் நிறைவுற்ற கொழுப்பு உண்பது 16 சதவீதம் கூடியது. நூலிழையில் தோற்றபோது பாதிப்பு இன்னும் அதிகம். களத்தில் நடப்பது களத்தோடு முடிவதில்லை.

ஆற்றிய ஒரு தந்தி

அப்படியென்றால் இந்தக் காயத்துக்கு மருந்தே இல்லையா? மிசூரி ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அதே பிழை இன்னொரு களத்தில் நடந்தது.

1940 நவம்பர் 16, நியூ ஹாம்ப்ஷயரின் ஹனோவர். 18 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத கார்னெல் அணி, டார்ட்மவுத்திடம் 0–3 என்று பின்தங்கியிருந்தது. கடைசி நொடிகளில் நடுவர் ரெட் ஃபிரீசெல் எண்ணத் தவறியதால் கார்னெலுக்கு ஐந்தாவது டவுன் கிடைத்தது. அதில் டச்டவுன் அடித்து 7–3 என்று வென்றது. பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். பிழை தெளிவாகத் தெரிந்தது. நடுவர் தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டார். கார்னெல், வெற்றியைத் தான் கோரவில்லை என்று டார்ட்மவுத்துக்குத் தந்தி அனுப்பியது. டார்ட்மவுத் ஏற்றுக்கொண்டது. ஆட்டம் 3–0 என்று ஏட்டில் பதிந்தது. இவ்வளவும் இரண்டு நாளில் நடந்து முடிந்தது.

அந்த ஆட்டமும் இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் புண்ணாக அல்ல. வெற்றியை விட்டுக்கொடுத்த கார்னெலுக்கே அது பெருமையாகிவிட்டது. 1990-இல் இந்த முன்னுதாரணம் பலருக்கும் தெரிந்துதான் இருந்தது. கொலராடோ வெற்றியை விட்டுத்தரவில்லை. அதன் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி மிசூரியிலேயே படித்து ஆடியவர். அவர் வருத்தம் தெரிவித்ததும் பல ஆண்டுகள் கழித்தே.

இரண்டு ஆட்டங்களை வைத்து அறிவியல் விதி எழுதிவிட முடியாது. ஆனால் இந்த வேறுபாட்டை விளக்கும் ஆய்வு மரபு ஒன்று இருக்கிறது. ஜான் திபோவும் லாரன்ஸ் வாக்கரும் 1975-இல் வழக்குகளை வைத்து ஆராய்ந்து கண்டது இது: தீர்ப்பு பாதகமாக வந்தாலும், அது வந்த வழி நேர்மையானது என்று நம்பினால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். சிகாகோ நகரவாசிகளின் அனுபவங்களை ஆராய்ந்து டாம் டைலர் 1990-இல் எழுதிய நூலும் இதையே உறுதிப்படுத்தியது. என்ன கிடைத்தது என்பதைப் போலவே எப்படி நடத்தப்பட்டோம் என்பதும் மனிதர்களுக்கு முக்கியம். முறை பிசகி, பிசகியதை யாரும் சரிசெய்யாதபோதுதான், தோல்வி தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றுவிடுகிறது.

கல்லூரிக் கால்பந்தில் நடுவர் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டால் முடிவு இறுதியானது. 2015 அக்டோபர் 31-இல் மயாமி, டியூக் அணியை 30–27 என்று வென்றது, எட்டு முறை கைமாறிய பந்தைக் கடைசி ஓட்டத்தில் எல்லை சேர்த்துத்தான். அதில் ஒரு வீரரின் முழங்கால் முன்பே தரையில் பட்டிருந்தது. இரு அணிகளின் லீக்கான அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் மறுநாளே பிழைகளைப் பட்டியலிட்டு ஒப்புக்கொண்டு, நடுவர் குழுவை இடைநீக்கம் செய்தது. முடிவை மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை. ஆனாலும், ‘நீங்கள் பார்த்தது உண்மைதான்’ என்று பொறுப்பிலிருப்பவர் வாயிலிருந்து வருவது சிறிய விஷயம் அல்ல. தோற்ற ரசிகரிடம் இல்லாமல் போன விளக்கத்தை அது தருகிறது. தான் கண்டதை நிரூபிக்க வருடக்கணக்கில் வாதாட வேண்டிய சுமையையும் இறக்கி வைக்கிறது.

ரசிகரால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கோர்னில், ஷாந்தோன் சோதனையில், தோல்விக்குப் பிறகு தங்கள் வாழ்வில் தாங்கள் மதிப்பவற்றைப் பற்றிச் சிறிது எழுதியவர்களிடம் அந்த உணவுச் சாய்வு மறைந்துவிட்டது. குடும்பம், தொழில், நட்பு என்று தன்னைத் தாங்கும் தூண்கள் வேறும் உண்டு என்று உணர்ந்தவரை, ஓர் ஆட்டம் அவ்வளவு ஆட்டிவிட முடிவதில்லை.

பல வருடங்களுக்கு முன் முடிந்த ஆட்டத்துக்காக இன்றும் குமுறுபவரைப் பார்த்து, ‘விளையாட்டுதானே, விட்டுத்தள்ளு’ என்பது எளிது. அவர் பற்றிக்கொண்டிருப்பது இரண்டு புள்ளிகளை அல்ல. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், தவறு நடந்தால் செய்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பை. விளையாட்டை நடத்துபவர்கள் மதிக்க வேண்டியது அந்த எதிர்பார்ப்பைத்தான். பிழையே நேராத நடுவரை எந்தக் கருவியாலும் உருவாக்க முடியாது. ஆனால் பிழை நேர்ந்தால் உடனே, முழுமையாக, வெளிப்படையாகச் சொல்லும் அமைப்பை உருவாக்க முடியும். அதற்குத் தேவைப்படுவது தொழில்நுட்பத்தைவிட நேர்மை. 1940-இல் ஒரு நடுவரும் ஒரு பல்கலைக்கழகமும் அதை இரண்டே நாளில் செய்து காட்டியிருக்கிறார்கள்.